கப்பலேற்றும் அதிகாரம்

நம் பாட்டனார் காலத்துக் கிராம மக்கள் தூக்குத் தண்டனைக்கு அடுத்தபடியாக அஞ்சிய சொல் 'தீவாந்தரம்' என்பதாகும். மற்றொரு தீவு என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். கடலுக்கு அப்பால் அனுப்பப்பட்டவன் இறந்தவனுக்குச் சமானம் என்று ஊரார் எண்ணினர். அந்தத் தண்டனை இன்று இல்லை. ஆயினும் நாடு கடத்தல் என்பது இன்றும் உண்டு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வோர் பலர். தீவாந்தரம் என்பது நியாயஸ்தலம் ஒருவனை விசாரித்துக் குற்றவாளி எனக் கண்டபின் விதித்த தண்டனை. நாடு கடத்தலோ, பிற நாட்டுப் பிரஜை ஒருவனை 'நீ இங்கு இருத்தல் வேண்டா' என்று சர்க்கார் வெளியேற்றுவது. முன்னதற்கு நீதிபதியின் தீர்ப்பு வேண்டும். பின்னதற்குப் பெரும்பாலும் ஓர் அதிகாரியின் கையெழுத்தே போதும்.

சட்ட ஏடுகளைத் தமிழாக்கும் பணியில் ஈடுபட்டுள்ள நம் போன்றோர்க்கு இவ்வேற்றுமை அடிக்கடி எதிர்ப்படுவது. ஆங்கிலத்தில் இதன் வகைகளுக்கு நான்கைந்து சொற்கள் தனித்தனியே வழங்குகின்றன. அவற்றுள் ஒன்று கடுமையாக ஒலிக்கும். மற்றொன்று 'தாயகத்திற்குத் திருப்பி அனுப்புதல்' என்று மென்மையாக ஒலிக்கும். சொல் எதுவாயினும் அனுப்பப்படுபவன் இழப்பது ஒன்றே: வேலை, கூலி, மீண்டும் வரும் வழி.

இங்கு நாம் ஆராயப் புகுவது ஒரு குறிப்பிட்ட கேள்வி. பிழைக்க வந்த நாட்டில் ஓர் அந்நியன் அந்நாட்டுப் போலீசாரைத் தாக்கினான் என்று வைத்துக்கொள்வோம். போலீஸ்காரரை அடிப்பது தெருவில் இருவர் அடித்துக்கொள்வது போன்றதன்று. 1860 ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் அதனைத் தனிக் குற்றமாகவே வகுத்தது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் அவ்வாறே வகுத்திருக்கிறது. கடமையில் நிற்கும் காவலர் மீது விழும் கல் பொதுமக்கள் அனைவர் மீதும் விழும் கல்லாகும் என்பதே இதன் கருத்து. எனவே அந்த அந்நியன் தண்டிக்கப்பட வேண்டியவன் என்பதில் ஐயமில்லை. அவனை நியாயஸ்தலத்தில் நிறுத்துவதா, விமானத்தில் ஏற்றிவிடுவதா என்பதே கேள்வி. இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு சிங்கப்பூர். தமிழருக்கு மிகவும் பழக்கமான அத்தீவின் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாற்றில் இக்கேள்வி பலமுறை எழுந்துள்ளது.

சிங்கப்பூர் முதலில் மக்களை வெளியேற்றிய தீவு அன்று. வெளியேற்றப்பட்டவர்களைப் பெற்றுக்கொண்ட தீவு. 1825 ஏப்ரலில் சுமத்ராத் தீவின் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகளின் முதற்கூட்டம் அங்கு வந்திறங்கியது. முதலில் வந்த எண்பது பேரும் சென்னை மாகாணத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள். அவர்களைத் தொடர்ந்து வங்கத்துக் கைதிகள் வந்தனர். அடுத்த நாற்பது ஆண்டுகளில் காடு திருத்தியும், சதுப்பு நிலத்தை மேடாக்கியும், சாலை அமைத்தும் அந்நகரை உருவாக்கியவர்களில் இவர்கள் பெரும் பங்கினர். 1862 இல் புனிதப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூ தேவாலயமும், இன்று ஜனாதிபதி மாளிகையாக விளங்கும் பழைய கவர்னர் மாளிகையும் இந்தியக் கைதிகளின் உழைப்பால் எழுந்தவை. 1873 இல் அங்கிருந்த கைதிகள் சிறை மூடப்பட்டது. ஒன்றை மட்டும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும். இக்கைதிகள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு வழக்கும், ஒரு தீர்ப்பும் இருந்தன. கொடிய தண்டனையாயினும் அது கணக்கிற்கு உட்பட்ட தண்டனை.

1867 இல் சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய மூன்றும் இந்திய சர்க்காரின் பொறுப்பிலிருந்து நீங்கி, லண்டன் குடியேற்ற இலாகாவின் நேர் ஆட்சிக்கு உட்பட்டன. அவ்வாண்டிலேயே, அமைதியைக் காக்கும் பொருட்டு என்று சொல்லி இயற்றிய ஒரு சட்டம், அந்நியரை வெளியேற்றும் அதிகாரத்தைக் கவர்னருக்கு அளித்தது. சீனத் தொழிலாளரிடையே பரவியிருந்த இரகசியச் சங்கங்களே இதற்குக் காரணம். சங்கத்தார் தெருக்களில் மோதிக்கொள்வர். சாட்சி சொல்ல எவரும் முன்வாரார். முன்வந்தவர் உயிர் தப்புவது அரிது. இந்நிலையில் வழக்குத் தொடுத்துப் பயனில்லை, கப்பலேற்றிவிடுதலே வழி என்று ஆட்சியாளர் கருதினர். இவ்விடர்ப்பாடு பொய்யன்று என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1887 இல் இவ்விடர்ப்பாடு ஓர் உச்சத்தை அடைந்தது. சீனர் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர் வில்லியம் பிக்கரிங். சீன மொழியைப் பேசவும் படிக்கவும் அறிந்த ஐரோப்பிய அதிகாரி அவர். சங்கங்களைப் பதிவு செய்து கட்டுக்குள் வைப்பது அவர் பணிகளில் ஒன்று. அவ்வாண்டு ஜூலையில் தச்சர் ஒருவர் அவருடைய அலுவலகத்திற்கே வந்து, கோடரியின் இரும்புத் தலையை அவர் நெற்றியை நோக்கி வீசினார். பிக்கரிங் பலத்த காயமுற்றார். அதன் பின்னர் அவர் பழைய நலத்தை முழுதும் பெறவில்லை. தாக்கியவர் நியாயஸ்தலத்தில் நிறுத்தப்பட்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அதாவது, கையில் ஆயுதத்தோடு அகப்பட்டவருக்கு நியாயஸ்தலமே போதுமானதாக இருந்தது. ஆயினும் 1888 இல் நாடு கடத்தலுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. 1889 இல் சங்கங்களை அடக்கும் சட்டமும் நிறைவேறியது. பிறப்பால் பிரிட்டிஷ் பிரஜை அல்லாத எவரையும், பொது நலத்திற்குத் தேவை என்று கண்டால், கவர்னர் தம் சபையின் துணைகொண்டு வெளியேற்றலாம். குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்பதில்லை.

அடங்காத குற்றவாளிகளுக்கென வகுத்த அதிகாரம் அவர்களோடு நின்றுவிடுவதில்லை. இதற்கு 1941 ஆம் ஆண்டின் மலாயா சான்று. சிலாங்கூர் ராஜ்யத்தில் கிள்ளான் பகுதி ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவிய தமிழ்த் தொழிலாளர் அவ்வாண்டின் முற்பகுதியில் வேலைநிறுத்தம் செய்தனர். சீனத் தொழிலாளருக்குக் கொடுக்கும் கூலியே தமக்கும் வேண்டும். பிள்ளைகளுக்கு நல்ல கல்வி வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூட வேண்டும். துரைமாரையும் கிராணிமாரையும் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பன அவர்கள் கோரிக்கைகள். கிள்ளான் வட்டாரத்து இந்தியர் சங்கத்தில் முன்னின்றவர் ஆர். எச். நாதன். அவர் கோலாலம்பூரில் வெளிவந்த 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றியவர்.

மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரித் தொழிலாளர் திரண்டனர். கூட்டத்திற்கும் போலீசாருக்கும் மோதல் மூண்டது. சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுப் பட்டாளமும் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர். நாதன் இந்தியாவிற்குக் கப்பலேற்றப்பட்டார். சைக்கிளிலிருந்து இறங்குவது மரியாதையா, அவமானமா என்ற கேள்வி எந்த நியாயஸ்தலத்திலும் எழவில்லை. எழுப்பக்கூடியவர் நாட்டிலேயே இல்லாமற் போனார். இதுவே நாடு கடத்தலின் தனிப்பட்ட வசதி. சிறையிலிட்டவனுக்கு மேல்முறையீடு உண்டு, வக்கீல் உண்டு, விடுதலை நாள் உண்டு. கப்பலேறியவனோடு அவன் வழக்கும் கப்பலேறிவிடுகிறது.

இவ்வதிகாரத்திற்குச் சட்ட நூலார் கூறும் நியாயம் என்ன என்பதையும் நாம் பார்க்க வேண்டும். 1893 இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டில் சீனத் தொழிலாளர் மூவரின் வழக்கு வந்தது. முந்தைய ஆண்டுச் சட்டப்படி சீனத் தொழிலாளர் ஒவ்வொருவரும் குடியிருப்புச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அதனை உரிய காலத்தில் பெறத் தவறியவர், தாம் அங்கு முன்பே வாழ்ந்து வந்ததை மெய்ப்பிக்க நம்பத்தக்க வெள்ளையர் ஒருவரைச் சாட்சியாகக் கொணர வேண்டும். இல்லையேல் நாட்டை விட்டு அனுப்பப்படுவார். வேண்டாத அந்நியரை வெளியேற்றுவது ஒவ்வொரு தேசத்திற்கும் இயல்பாய் உள்ள அதிகாரம். அது குற்றத்திற்கு அளிக்கும் தண்டனை அன்று. ஆகவே தண்டனை வழக்குகளுக்கு உரிய பாதுகாப்புகளை இங்கு எதிர்பார்த்தல் ஆகாது என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். நீதிபதிகள் மூவர் இதனை ஏற்கவில்லை. வாழ்ந்த இடத்திலிருந்து ஒருவனைப் பிடுங்கி எறிவது தண்டனை அல்லவெனில் வேறு எதுதான் தண்டனை என்பது அவர்கள் வாதத்தின் சாரம்.

வீட்டுக்காரன் விருந்தாளியைப் போகச் சொல்வதற்குக் காரணம் கூற வேண்டுமா என்று பெரும்பான்மையோர் பக்கம் நின்று கேட்கலாம். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால் பத்து ஆண்டு உழைத்து அந்த வீட்டின் சுவரை எழுப்பியவனும் விருந்தாளிதானா என்பது மறுபக்கத்தின் கேள்வி. உலகச் சட்டத்தில் இவ்விரு வாதங்களும் இன்றளவும் முடிவின்றித் தொடர்கின்றன.

இப்பின்னணியோடு நாம் மீண்டும் சிங்கப்பூருக்கு வருவோம். 2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. வாரம் ஆறு நாள் கட்டட வேலை செய்யும் தொழிலாளர்கள் தேக்கா என்று தமிழர் வழங்கும் லிட்டில் இந்தியாவில் கூடும் நாள் அது. ஊர்க்காரரைப் பார்த்து, வீட்டிற்குப் பணம் அனுப்பி, ஊர்ச் சாப்பாடு சாப்பிட்டு இரவில் பேருந்தேறித் தங்கும் விடுதிக்குத் திரும்புவார்கள். அன்று இரவு ஒன்பதரை மணியை ஒட்டி, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹாம்ப்ஷயர் சாலையும் கூடும் முனையில், தொழிலாளரை ஏற்றிச் செல்லும் தனியார் பேருந்தின் கீழ் விழுந்து ஒருவர் மாண்டார். அவர் முப்பத்து மூன்று வயதினர். இந்தியாவிலிருந்து கட்டட வேலைக்குச் சென்றவர்.

கூட்டம் முதலில் பேருந்தின் மீது பாய்ந்தது. ஓட்டுநரும் பேருந்தின் உதவியாளரான பெண்ணும் தாக்கப்பட்டனர். உடலை மீட்க வந்த குடிமைத் தற்காப்புப் படையினர் மீதும், பின்னர் போலீசார் மீதும் கற்களும் புட்டிகளும் பறந்தன. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கலகம் நீடித்தது. ஐம்பத்து நான்கு அதிகாரிகள் காயமுற்றனர்: போலீசார் 37, குடிமைத் தற்காப்புப் படையினர் 12, துணைப் போலீசார் 5. அவசர உதவி வாகனங்கள் 23 சேதமாயின. அவற்றுள் 5 தீக்கிரையாயின. போலீசார் ஒருமுறைகூடச் சுடவில்லை. 1969 க்குப் பின்னர் இத்தகைய கலகத்தை அந்நகர் கண்டதில்லை. அடிபட்டும் துப்பாக்கியைத் தொடாத அக்காவலர்களுக்கு உரிய பெருமையை எவரும் குறைத்தல் ஆகாது. உதவிக்கு வந்த வண்டியைக் கொளுத்தியதற்கு எந்தத் துயரமும் நியாயமாகாது.

அடுத்து நிகழ்ந்ததே நம் ஆராய்ச்சிக்கு உரியது. பிடிபட்டோரைச் சிங்கப்பூர் சர்க்கார் இரு வழியில் பிரித்தது. பெருங்குற்றம் செய்தோர் எனக் கருதப்பட்ட 25 பேர் நியாயஸ்தலத்தில் நிறுத்தப்பட்டனர். கலகம் செய்தல், கலையுமாறு போலீசார் பணித்த பின்னும் கூட்டத்தில் நிற்றல் முதலியன அவர்கள் மீதான குற்றச்சாட்டுகள். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வழிவந்த சிங்கப்பூர்ச் சட்டத்தில் இவற்றின் பிரிவு எண்கள் 147, 151. நம் பழைய சட்டத்திலும் அவையே எண்கள். அவர்களுக்கு வக்கீல் இருந்தனர். சாட்சிகள் குறுக்கு விசாரணைக்கு உட்பட்டனர். சிலருக்குச் சில வார காலச் சிறை. சிலருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறையும் பிரம்படியும் கிடைத்தன.

மற்றொரு சாரார் 57 பேர். கலைந்து செல்லுமாறு ஆணையிட்டும் செல்லாதவர், அன்றி அவர்கள் நடத்தை பொது அமைதிக்கு ஊறு விளைப்பது என்று கருதப்பட்டவர் இவர்கள். ஏறத்தாழ எல்லோரும் இந்தியர். இவர்களுக்கு எச்சரிக்கை அளித்து, வேலை அனுமதியை ரத்துச் செய்து, மீண்டும் சிங்கப்பூருக்குள் வரலாகாது என்று விதித்து, தாயகத்திற்குத் திருப்பி அனுப்பினர். பெரும்பாலோர் அந்த டிசம்பர் முடியுமுன்னரே அனுப்பப்பட்டனர். இவர்கள் எந்த நீதிபதியின் முன்னும் நிற்கவில்லை.

இதில் உள்ள முரண்பாட்டைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும். பெருங்குற்றம் சாட்டப்பட்டவனுக்கு நியாயஸ்தலம் கிடைத்தது. சிறுகுற்றம் சாட்டப்பட்டவனுக்கு அது கிடைக்கவில்லை. 'நான் அந்த இடத்தில் இருந்தேன். ஆனால் கல்லெறியவில்லை' என்றோ, 'கலையச் சொன்னது என் காதில் விழவில்லை' என்றோ சொல்ல விரும்புபவன், அதனைக் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டுமானால் மேலும் பெரிய குற்றத்திற்கு ஆளாகியிருக்க வேண்டும். வேலைக்கென்று முகவருக்குக் கொடுத்த பணம் பெரும்பாலும் கடன் வாங்கிய பணம். நகையை அடகு வைத்தும் நிலத்தின் மேல் வாங்கியும் கொடுத்தது. சில வாரச் சிறைக்கு முடிவு நாள் உண்டு. அந்தக் கடனுக்கு முடிவு நாள் ஏது? சட்டம் இதனைத் தண்டனை என்று சொல்லாவிடினும், வாசலில் கடன்காரனைக் காணும் குடும்பம் அவ்வாறே சொல்லும்.

சிங்கப்பூர் சர்க்காரின் வாதத்தையும் கேட்க வேண்டியது நம் கடமை. அந்நியர் ஒருவர் நாட்டில் தங்குவது உரிமையன்று, அனுமதியே. அவ்வனுமதியைக் கொடுப்பதும் எடுப்பதும் நிர்வாகத்தின் வேலை. இதில் நியாயஸ்தலத்திற்கு இடமில்லை என்று அங்கு கூறப்பட்டது. ஒவ்வொருவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிச் சிறைக்கு அனுப்புவதைவிட எச்சரித்து ஊருக்கு அனுப்புவது கருணையே என்று சொன்னவர்களும் உண்டு. நெருக்கமான ஒரு சிறு நகரில் அமைதி குலைந்தால் என்னாகும் என்ற அச்சமும் அதில் இருந்தது. 1964 இலும் 1969 இலும் இனக் கலவரங்களைக் கண்ட நகரம் அது. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் மனித உரிமை பேசுவோர் இதனை மறுத்தனர். அனுப்புவதை அவர்கள் முற்றிலும் எதிர்க்கவில்லை. நடுநிலையான ஒருவர் முன் விளக்கம் கூறவும், முடிவை மறுபரிசீலனை செய்யக் கேட்கவும் வாய்ப்பு வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது.

கேட்டறியும் பழக்கம் அந்நாட்டிற்கு இல்லாமல் இல்லை. கலகத்தின் காரணங்களை ஆராய ஒரு விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. முன்னாள் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் அதன் தலைவர். 2014 பிப்ரவரியில் பொதுமக்கள் முன்னிலையில் விசாரணை தொடங்கியது. ஜூன் இறுதியில் அறிக்கை வெளிவந்தது. விபத்தும், அது குறித்த தவறான எண்ணங்களும், மது மயக்கமும் முக்கியக் காரணங்கள் என்றும், வேலை நிலைமை பற்றிய மனக்குறை காரணமன்று என்றும் குழு கண்டது. மாண்டவரை மீட்காமல் ஓட்டுநரையும் உதவியாளரையும் காப்பதிலேயே வந்தவர்கள் கருத்தாயிருந்தனர் என்று கூட்டத்தினர் தவறாக எண்ணினர் என்பதும் அதிற் புலப்பட்டது. இந்த அறிக்கையைத் தொடர்ந்து 2015 இல் மதுவிற்பனைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. இரவு பத்தரை மணிக்குமேல் பொது இடங்களில் மது அருந்துதல் தடுக்கப்பட்டது. கலகம் ஏன் நிகழ்ந்தது என்று பொறுமையாகக் கேட்கப்பட்டது. ஆனால் அந்த 57 பேரில் ஒவ்வொருவனும் என்ன செய்தான் என்ற கேள்விக்கு அக்குழுவில் இடமில்லை. அவர்களிற் பெரும்பாலோர் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்திருந்தனர்.

இதனைப் படிக்கும் நாம் பிற நாட்டைக் குறைகூறி அமைதல் தகாது. நம் நாட்டுச் சட்டமும் அதே வேரிலிருந்து முளைத்ததே. 1955 இல் ஹான்ஸ் முல்லர் என்ற ஜெர்மானியரின் வழக்கில், அந்நியரை வெளியேற்றும் அதிகாரம் இந்திய சர்க்காருக்கு முழுமையாகவும் கட்டின்றியும் உண்டு என்று நம் சுப்ரீம் கோர்ட்டு கூறியது. 1937 முதல் இந்தியாவில் வாழ்ந்த பெல்ஜிய நாட்டுப் பாதிரியார் ஒருவரின் வழக்கில், 1991 இல், அந்நியருக்கு உயிருக்கும் உடற் சுதந்திரத்திற்கும் உரிய பாதுகாப்பு உண்டு. நாட்டில் தங்கிக் குடியிருக்கும் உரிமை இல்லை என்று தெளிவாக்கியது. சர்வதேச சிவில், அரசியல் உரிமை ஒப்பந்தத்தின் 13 ஆம் பிரிவு, சட்டப்படி தங்கியுள்ள அந்நியரை வெளியேற்றுமுன் அவர் தம் காரணங்களைக் கூற இடமளிக்க வேண்டும் என்கிறது. 1979 இல் அவ்வொப்பந்தத்தில் சேர்ந்த இந்தியா, அந்நியர் பற்றிய தன் சட்டத்தின்படியே நடக்கும் உரிமையை இப்பிரிவிற்கு எதிராக ஒதுக்கி வைத்துக்கொண்டது. 2013 இல் சிங்கப்பூர் அவ்வொப்பந்தத்திலேயே சேர்ந்திருக்கவில்லை. 1946 ஆம் ஆண்டின் அந்நியர் சட்டம் நீங்கி, 2025 செப்டம்பர் முதல் புதிய குடிநுழைவு, அந்நியர் சட்டம் நம் நாட்டில் நடப்பிற்கு வந்துள்ளது. அதிலும் வெளியேற்றும் அதிகாரம் நிர்வாகத்தின் கையிலேயே இருக்கிறது.

அமெரிக்காவும் இவ்வழியிலேயே மேலும் நடந்திருக்கிறது. 2025 ஜனவரியில் அங்கு இயற்றிய ஒரு சட்டம், உரிய அனுமதியின்றி உள்ள அந்நியர் மீது போலீசாரைத் தாக்கியதாகவோ திருடியதாகவோ குற்றம் சாட்டப்பட்டாலே, தீர்ப்பு வருமுன்னரும் அவரைக் காவலில் வைத்தே ஆக வேண்டும் என்கிறது. பிடிபட்டதும் குற்றம் செய்ததும் ஒன்றல்ல என்பது குற்றச் சட்டத்தின் அரிச்சுவடி. அந்நியர் சட்டத்தின் வாசலைக் கடந்ததும் அந்த அரிச்சுவடி மறைந்துவிடுகிறது.

பிற ராஜ்யங்களில் வாழும் தமிழராகிய நமக்கு இதில் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். மும்பையில் வாழினும், டில்லியில் வாழினும், கொல்கத்தாவில் வாழினும் நாம் அந்நியர் அல்லோம். இந்தியாவின் எப்பகுதியிலும் சென்று குடியிருக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19 ஆம் பிரிவு பிரஜைகள் அனைவருக்கும் அளித்துள்ளது. எந்த ராஜ்ய சர்க்காரும் 'உன் ஊருக்குப் போ' என்று நம்மைக் கப்பலேற்ற முடியாது. ஆயினும் மும்பையில் நெடுநாள் வாழ்ந்தோர் 'தடிபார்' என்ற மராட்டிச் சொல்லை அறிவர். அமைதிக்குக் கேடானவன் எனக் கருதப்பட்டவனை நகர எல்லைக்கு வெளியே அனுப்பும் போலீஸ் ஆணை அது. அது பிறந்த மண்ணைப் பார்த்து வரும் ஆணை அன்று, மராட்டியருக்கும் பொருந்தும். எனினும் 1951 இல் பம்பாயில் குர்பச்சன் சிங் என்பவருக்குப் பிறந்த அந்த ஆணை, நகரை விட்டு நீங்கிச் சொந்த ஊராகிய அமிர்தசரசுக்குச் செல்லுமாறு பணித்தது. பின்னர் அவர் வேண்டியபடி அருகிலுள்ள கல்யாணில் தங்க அனுமதி கிடைத்தது. பிரஜைக்கும் 'சொந்த ஊர்' காட்டப்பட்டது!

அவ்வழக்கில் 1952 இல் சுப்ரீம் கோர்ட்டு அந்தச் சட்டம் செல்லும் என்றே தீர்த்தது. குற்றச்சாட்டின் தன்மையை அவருக்குத் தெரிவித்து விளக்கம் கூற வாய்ப்பளிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருந்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1960 இல் மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்த மற்றொரு வழக்கில், ரௌடிகளை வெளியேற்ற வகுத்த சட்டம் செல்லாது என்று அதே நியாயஸ்தலம் கூறியது. ஒருவன் ரௌடிதானா என்று கண்டறியவும், அல்லன் என்று அவன் மெய்ப்பிக்கவும் அச்சட்டத்தில் வழி இல்லை என்பது காரணம். இரு சட்டங்களுக்கும் நோக்கம் ஒன்றே. ஒன்று நின்றது; மற்றொன்று வீழ்ந்தது. இரண்டிற்கும் இடையே இருந்த வேற்றுமை, 'நீ சொல்லுவது என்ன?' என்று கேட்கும் ஒரு வாய்ப்பு மட்டுமே.

அந்நியருக்கும் அந்த வாய்ப்பு முற்றிலும் மறுக்கப்பட்டதில்லை. 1996 இல் அருணாசலப் பிரதேசத்தில் வாழ்ந்த சக்மா மக்களை வெளியேறுமாறு சிலர் மிரட்டியபோது, அவர்கள் உயிரையும் உடற் சுதந்திரத்தையும் காப்பது சர்க்காரின் கடமை; சட்டம் வகுத்த முறையின்றி அவர்களை அகற்றுதல் ஆகாது என்று சுப்ரீம் கோர்ட்டு ஆணையிட்டது. நியாயம் கேட்பதற்குப் பிரஜா உரிமைச் சீட்டு வேண்டியதில்லை என்பதற்கு நம் நாட்டில் இது ஒரு முன்மாதிரி.

போலீசாரைத் தாக்கிய அந்நியனை வெளியேற்றலாகாது என்பது நம் வாதம் அன்று. குற்றம் மெய்யானால் தண்டனையும் தரலாம். அதன்பின் வெளியேற்றவும் செய்யலாம். நாம் வேண்டுவது, விமானச் சீட்டுக்கு முன் நிகழ வேண்டிய ஒரு சிறு செயல். உன் மீது கூறப்படுவது இது என்று அவனுக்குப் புரியும் மொழியிற் சொல்லுதல். அவன் மறுமொழியைக் கேட்டல். முடிவை மற்றொருவர் பார்க்க இடமளித்தல். இதற்குச் சில நாட்கள் செல்லும், வேறு நட்டமில்லை. இது காவலரின் கையைக் கட்டுவதும் அன்று. தேக்காவில் காயமுற்ற அதிகாரிகளையே எண்ணிப் பார்ப்போம். தம் மீது கல்லெறிந்தவன் யார் என்று அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு. கேளாமல் ஒருவனை அனுப்பிவிடும்போது, அனுப்பப்பட்டவன் குற்றவாளியா என்பது போலவே, எறிந்தவன் இன்னும் அந்நகரிலேயே இருக்கிறானா என்பதும் தெரியாமற் போகிறது.

சென்னை மாகாணத்திலிருந்து தீவாந்தரம் போய் 1825 இல் சிங்கப்பூர் சேர்ந்த எண்பது பேருக்கும் ஆளுக்கொரு தீர்ப்பு இருந்தது. 2013 இல் சிங்கப்பூரிலிருந்து ஊர் திரும்பிய 57 பேருக்கு அது இல்லை. இடைப்பட்ட காலத்தில் கப்பல் போய் விமானம் வந்தது. சவுக்கடியும் விலங்கும் நிறைந்த தண்டனை போய் மென்மையான சொல் வந்தது. சொல் மென்மையானபோது விசாரணை மறைந்தது என்பதை வரலாறு நமக்குக் காட்டுகிறது. அயலூரில் வாழ்வோர்க்கு இது நன்கு விளங்கும். நம்மை வரவேற்ற ஊருக்கு நாம் செலுத்தும் கடன் அதன் சட்டத்தை மதித்து நடப்பது. அந்த ஊர் நமக்குச் செலுத்தும் கடன், நம்மைப் போகச் சொல்லுமுன் நம் சொல்லைக் கேட்பது.